750 வரட்டும், எங்களுக்கு ஒரு 500-ம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் ராயல் என்ஃபீல்டின் புது வண்டிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். 2025 நவம்பரில் மிலன் கண்காட்சியில் வைத்த புல்லட் 650, சீக்கிரம் வரும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிற 750, ஃப்ளையிங் ஃப்ளீ மின்சார வண்டி என்று எதையும் விடாமல் எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் எத்தனை பவர், எத்தனை வேகம் என்ற கணக்குதான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் புல்லட் வைத்திருக்கிற நாலு பேர் கூடினால் பேச்சு அதில் ஆரம்பிக்காது. அந்த 500 மறுபடி வருமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கிளாசிக் 500, புல்லட் 500 இரண்டிலும் இருந்தது 499 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின். பவர் 27 ஹெச்பிதான், ஆனால் இழுவை (டார்க்) 41 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே (ஆர்பிஎம்). 2020-ல் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி வந்தபோது அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த 349 சிசி நல்ல இன்ஜின், 648 சிசி இரட்டை சிலிண்டர் அருமையான இன்ஜின், இமாலயன் 450-ல் இருப்பது நவீனமானது, எல்லாம் சரி. அந்த 500 இருந்த இடம் மட்டும் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

இது ஏதோ பழைய நினைப்பில் பேசுவதில்லை, காரணம் இருக்கிறது. தை மாதம் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் சாலையை நிறைத்துக்கொண்டு நடக்கும், காவடி முன்னால் போகும், பின்னால் வருகிற வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது. அந்த இடத்தில் வேண்டியது உச்ச வேகமில்லை. இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் விட்டால் திணறாமல் உருண்டு போக வேண்டும், கொஞ்சம் திருகினால் உடனே இழுக்க வேண்டும். பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரமான 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும், சுழற்சியைச் சீராக வைக்கிற கனமான ஃப்ளைவீலும் சேர்ந்துதான் அந்தக் குணத்தைக் கொடுத்தன. பவரை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகும்போது முதலில் அடிபடுவது இதுதான்.

இப்போதைய 349 சிசி இன்ஜினை நான் குறை சொல்ல மாட்டேன். மீட்டியோர் 350-ல் 2020-ல் வந்தது, அடுத்த வருடம் கிளாசிக்குக்கும் 2023-ல் புல்லட்டுக்கும் வந்தது. வால்வைத் திறக்கக் கீழிருந்து தள்ளுகிற புஷ் ராடு போய், மேலேயே உட்கார்ந்து திறக்கிற ஓவர்ஹெட் கேம் வந்தது, பேலன்சர் ஷாஃப்ட் வந்து கைகால் மரத்துப்போகிற அதிர்வு குறைந்தது. ஊருக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் இதைவிட நல்ல வண்டி வேண்டாம். ஆனால் 20 ஹெச்பியை வைத்துக்கொண்டு பின்னால் ஆளை உட்காரவைத்து, சாமானும் கட்டிக்கொண்டு, திருமயம் தாண்டித் திருச்சி ரோட்டில் எதிர்காற்றில் ஒரு பஸ்ஸை முந்திப் பாருங்கள். நான் சொல்வது அப்போது புரியும்.

அப்படியென்றால் 650 வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். கிளாசிக் 350 எடை 195 கிலோ, கிளாசிக் 650 எடை 243 கிலோ. எங்கள் ஊர் வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவிலிருந்து படி ஏறித்தான் முகப்பு, ராத்திரி வண்டியை உள்ளே ஏற்ற வேண்டுமென்றால் படிமேல் பலகையைச் சாய்த்துப் போட்டு ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க இன்னொருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். பலகையின் நடுவில் வண்டி ஒரு நொடி நின்றாலே 195 கிலோ என்ன என்று தோள் சொல்லிவிடும். இதில் இன்னும் ஒரு 48 கிலோவை ஏற்றிவைத்து வயதானவர்களை ஓட்டச் சொல்கிறார்கள். 650-ஐ விரும்புகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும், எனக்கும் அந்த இன்ஜின் மேல் மரியாதை உண்டு. அது எங்கள் 500-க்கு மாற்று ஆகாது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இதற்கான இன்ஜின் அவர்கள் கையிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த ஸ்க்ராம் 440-ஐப் பாருங்கள். 443 சிசி, ஒற்றை சிலிண்டர், ரேடியேட்டர் இல்லை, காற்றும் ஆயிலும்தான் குளிர்விக்கின்றன, 34 நியூட்டன் மீட்டர் இழுவை, ஆறு கியர். பழைய 411 சிசி இன்ஜினின் சிலிண்டர் விட்டத்தை (bore) பெரிதாக்கிச் செய்தது. இதையே இன்னும் கொஞ்சம் வளர்த்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுக்கிற மாதிரி டியூன் செய்து, புல்லட்டின் உடம்பில் வைத்துக் கொடுத்தால் போதும். பெயர் 440 என்றிருந்தாலும் சரி, 500 என்றிருந்தாலும் சரி.

தடை எங்கே என்றும் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேலே இருப்பதற்கு செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக ஏறிவிட்டது. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 40. ஸ்க்ராம் 440 மாதிரி ஒரு 25 ஹெச்பி ஒற்றை சிலிண்டர் வண்டியை ஆடம்பரப் பொருள் வரிசையில் சேர்ப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. எல்லா இருசக்கர வண்டிக்கும் ஒரே 18 சதவீதம் வேண்டும் என்று ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனியான ஐஷர் மோட்டார்ஸின் சித்தார்த்த லால் வெளிப்படையாகவே கேட்டார், உங்களைப் போன்ற பத்திரிகைகளும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். இந்த வரி இப்படியே இருந்தால் கம்பெனிகள் 350-க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் ஒரேயடியாக 650, 750 என்று தாவிவிடும், நடுவில் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள்.

அப்புறம் ரிப்பேர் விஷயம். எங்கள் வீட்டில் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் ஒன்று இருக்கிறது, கியர் வலது காலில். இன்ஜின் ஆறியிருக்கும்போது பக்கவாட்டில் இருக்கும் சின்ன மூடியை ஒரே ஒரு நட்டைத் தளர்த்திக் கழற்றினால் இரண்டு புஷ் ராடும் தெரியும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும், தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க அது போதும், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். பின்னால் வந்த, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கிற யூசிஇ இன்ஜினில், தானே சரிசெய்துகொள்கிற ஹைட்ராலிக் டேப்பெட் வந்து அந்த வேலையும் இல்லாமல் போனது, நல்லதுதான். புது இன்ஜினில் இன்ஜெக்‌ஷன், சென்சார், ஏபிஎஸ் எல்லாம் இருக்கட்டும், புகை குறைவது எல்லோருக்கும் நல்லது. ஆனால் கோளாறைப் படித்துச் சொல்கிற கருவியும் பயிற்சியும் பொன்னமராவதியில், திருப்பத்தூரில் கடை வைத்திருக்கிற மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். 1955-ல் திருவொற்றியூரில் ஆரம்பித்து இன்று ஒரகடம், வல்லம் வடகால் என்று தமிழ்நாட்டிலேயே வளர்ந்த கம்பெனி, ஒவ்வொரு புது இன்ஜினுக்கும் முழு ரிப்பேர் கையேட்டைத் தமிழில் கொடுக்க வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று, டாங்கில் கையால் போடுகிற கோடு. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் கையால் வண்ணம் ஊற்றித் தரைக்கல் செய்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, வளைந்த டாங்கின் மேல் நடுங்காமல் ஒரே இழுப்பில் போகிற தூரிகையின் அருமை தெரியும். எந்தப் புது மாடல் வந்தாலும் அதை ஸ்டிக்கராக மாற்றிவிட வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள், நான் நீட்டவில்லை. விதிக்கு உட்பட்டு இன்ஜினிலிருந்து இயல்பாக எது வருகிறதோ அது போதும், சைலன்சரை மாற்றிக்கொண்டு கானாடுகாத்தான் தெருக்களில் இரண்டு பக்கச் சுவரும் அதிர ஓட்டுகிறவர்களால் புல்லட்டுக்கே கெட்ட பெயர்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கம்பெனியின் இன்ஜினியர்களைப் பேட்டி எடுக்கும்போது 750 எத்தனை பவர் என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: 443 சிசி இன்ஜினை புல்லட்டிலோ கிளாசிக்கிலோ வைக்கும் யோசனை இருக்கிறதா, இல்லையென்றால் வரி மட்டும்தான் காரணமா, வேறு சிக்கல் இருக்கிறதா? பதில் என்னவாக இருந்தாலும் அப்படியே அச்சிடுங்கள். இங்கே காத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் வாசகன்,
காரைக்குடி