மருந்துச் சோதனைக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மனச்சிதைவு நோய்க்கான புதிய மருந்தின் சோதனை உங்கள் மருத்துவமனையில் நிறைவடைந்ததும், அதில் பங்கேற்றவர்கள் பழைய மருந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டதும் நீங்கள் அறிந்தவை. அவர்களில் ஒருவன் என் தம்பி. அந்த மருந்தை அவனுக்குத் தொடர்ந்து தர ஏற்பாடு செய்யுங்கள் என்று பதிவுத் தபாலில் உங்களுக்கு மனு அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. சென்ற வாரம் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "இந்த நோய்க்குச் சந்தையில் வேறு மருந்துகள் இருக்கின்றன, அதனால் விதிப்படி மருந்து நிறுவனம் தர வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வேறு மருந்துகள் இருப்பது எங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொன்றையும் என் தம்பியின் உடம்பு அறியும். ஹாலோபெரிடால் கொடுத்தபோது கை நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கென்று இன்னொரு மாத்திரை சேர்ந்தது. ஓலன்சாபின் கொடுத்தபோது உடல் பெருத்துச் சர்க்கரை வந்தது. குளோசாபின் தொடங்கினால் முதல் 18 வாரங்களுக்கு வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்றார்கள். அதற்கும் போனோம். வெள்ளணுக்கள் குறையத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்கள். 1952-இல் குளோர்புரோமசின் வந்த காலம் முதல் மனச்சிதைவு மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை ஏற்கும் இடங்களைத் தடுத்தே வேலை செய்து வந்தன; கை நடுக்கமும் உடல் விறைப்பும் அதனால் வருபவை. வேறு வழியில் வேலை செய்யும் மருந்து ஒன்று 2024 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உங்கள் சோதனை மருந்தும் டோபமினைத் தடுப்பதில்லை என்று ஆய்வு மருத்துவர் விளக்கினார். கை நடுங்காது என்ற நம்பிக்கையில்தான் தம்பி கையெழுத்துப் போட்டான்.

அவனுக்குக் கைதான் பிழைப்பு. வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கும் வேலை. வந்தவர்கள் பிரித்துப் பார்த்து ஒதுக்கிய புடவைகளை, கரையோடு கரை சேர்த்து, சரிகை முறியாமல், பழைய மடிப்பு மாறாமல் மடித்து அலமாரியில் ஏற்ற வேண்டும். பட்டு கை நடுக்கத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மடிப்பு ஓரம் நேராக நிற்காது. முன்பு இரண்டு கடைகளில் அவன் வேலை இழந்தது இதனால்தான். யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாத முதல் ஆறு வாரம் முடிந்து, எல்லோருக்கும் அசல் மருந்தே தரப்பட்ட அடுத்த ஓராண்டுக் கட்டத்தில், அவன் கை நின்றது. காதில் கேட்ட குரல்களும் ஓய்ந்தன. அந்த ஆடி மாதத் தள்ளுபடிக் கூட்டத்தில் கடை மூடும்வரை நின்று வேலை செய்தான். சம்பளத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டான். இதை நான் மிகைப்படுத்தவில்லை. நீங்கள் வைத்திருக்கும் பதிவேட்டிலேயே இருக்கிறது: நோயின் 30 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு, அவன் தேறியதை நீங்களே அளந்தீர்கள்.

கடைசி வருகையன்று மீதமிருந்த மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். காலிப் புட்டியையும் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். விதி அப்படி என்றால் சரி, நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாத்திரைக்கு இருந்த கணக்கு, அதை விழுங்கிய மனிதனுக்கு ஏன் இல்லை? பழைய மருந்துச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். சில வாரங்களிலேயே நடுக்கம் திரும்பியது. முதலாளி நல்லவர், கிடங்கில் மூட்டை எண்ணும் வேலைக்கு மாற்றிப் பார்த்தார். கடைக்கு வருபவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தம்பி ஒரு நாள் வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகு, குணமானதும் வரச்சொல் என்று எனக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது தேநீர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறான். அந்த மாத்திரை எப்போது வரும் என்று என்னைக் கேட்கிறான். அதைத்தான் உங்களைக் கேட்கிறேன்: அந்த மருந்து அவனுக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? எழுத்தில் சொல்லுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் சொன்ன விதியை நானும் வக்கீல் ஒருவரிடம் கேட்டுப் படித்தேன். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019-இல் 27-ஆம் விதி. ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால், மாற்றுச் சிகிச்சை இல்லாத நிலையில், பயனடைந்தவருக்கு நிறுவனம் இலவசமாக மருந்து தர வேண்டும் என்கிறது. நோய்க்கு மாற்று இருக்கலாம். எல்லா மாற்றையும் தின்று பார்த்து உடம்பு கெட்டவனுக்கு எது மாற்று? ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்தாரா? நீங்கள் அதைக் கூட்டத்தில் வைத்துப் பேசினீர்களா? மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம், சோதனைக்குப் பிந்தைய ஏற்பாடுகளைச் சோதனை தொடங்கும் முன்பே செய்ய வேண்டும் என்கிறது. விலக்கு வேண்டுமானால் நெறிமுறைக் குழுதான் ஒப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படி ஒரு விலக்கை நீங்கள் கொடுத்திருந்தால், அதை எங்களுக்கு யார் சொன்னது?

தம்பி ஒப்புதல் தந்ததைக் கேமரா வைத்துப் பதிவு செய்தீர்கள். அந்தப் பதிவை தயவுசெய்து போட்டுப் பாருங்கள். "முடிஞ்ச அப்புறம் எனக்கு என்ன?" என்று அவன் கேட்பது அதில் இருக்கும். "டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்ற பதிலும் இருக்கும். குரல் கேட்கும் நோயாளிதானே என்று அவன் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். அவ்வளவு பெரிய படிவத்தில் கேட்க வேண்டிய கேள்வியை அவன்தான் கேட்டான்.

மருந்துச் சோதனையே கூடாது என்று சொல்பவள் அல்ல நான். தம்பிக்கு நோய் வந்த புதிதில் உறவினர்கள் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். 2001-இல் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட ஊர் அது. நான் மறுத்துவிட்டேன். மருத்துவத்தை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையோடுதான் உங்கள் வாசலுக்கு வந்தோம். ஆனால் எங்கள் வடசென்னைக்கு இது பழகிப்போன கதை. நகரத்துக்கு மின்சாரம், சாம்பல் எண்ணூருக்கு. நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்தது எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களின் வலையிலும் படகிலும். நாளை இந்த மருந்து விற்பனைக்கு வந்தால், என்ன விலைக்கு வருமோ, தண்டையார்பேட்டையில் யாரால் வாங்க முடியுமோ! அதைச் சோதித்துப் பார்க்க மட்டும் எங்கள் பிள்ளைகளின் ரத்தம் வேண்டியிருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வுக் குழுவினர் எங்களை மரியாதையாக நடத்தினார்கள், போக்குவரத்துச் செலவையும் தவறாமல் தந்தார்கள். அதை மறக்கவில்லை.

உங்கள் அடுத்த கூட்டத்தில் என் தம்பியின் பெயரை எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்கிறேன். மருந்து தர முடியும் என்றால், அதற்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தேவைப்பட்டால், நிறுவனத்தைக் கேட்டு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுதி, முத்திரையிட்டு அனுப்புங்கள்; மேலே முறையிட எனக்கு அது வேண்டும். எந்த முடிவானாலும், பழைய மருந்துக்குத் திரும்பும் இந்தக் காலம் முழுவதும் அவனை உங்கள் மருத்துவர்களே பார்க்க வேண்டும். அவனோடு சோதனையில் இருந்த மற்றவர்களையும் அழைத்து விசாரியுங்கள். அவர்களில் பலருக்கு மனு எழுதித்தர வீட்டில் ஆள் இல்லை.

மருத்துவமும் சட்டமும் படிக்காத பொதுமக்களில் ஒருவர் உங்கள் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த உறுப்பினருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: முடிவெடுக்கும் முன் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியிடம் பேசுங்கள். முகவரி மனுவில் இருக்கிறது. மாலையில் எப்போது வந்தாலும் அவன் வீட்டில்தான் இருப்பான்.

இப்படிக்கு,
பங்கேற்பாளர் ஒருவரின் அக்கா,
தண்டையார்பேட்டை, சென்னை.