அழைப்பிதழில் ஆசிரியர் பெயர்: தில்லித் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தில்லியில் தமிழ் விழாக்கள் நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் விழா, பாரதி விழா, நூல் வெளியீடு எதுவானாலும் கல்லூரி ஆசிரியர்களை மறக்காமல் அழைக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் பெயருக்கு முன்னும் பின்னும் என்ன போடுவது என்பதில் திரும்பத் திரும்பப் பிழை நேர்கிறது.

எங்களை மிகவும் வருத்துவது இதுதான்: ஒரே மேடை, ஒரே தகுதி, ஆணுக்கு ‘முனைவர்’, பெண்ணுக்குத் ‘திருமதி’. பல ஆண்டு உழைத்து வாங்கிய பட்டத்தை எடுத்துவிட்டு, மணமானவர் என்ற செய்தியை அங்கே வைப்பது மரியாதை ஆகாது. பட்டம் இல்லாதவர் என்றால், ஆணோ பெண்ணோ, பெயரும் பதவியும் போதும். பேச்சிலும் கவனம் வேண்டும். ‘சார் சொன்னார்’ என்கிற பிள்ளைகளே ‘மேம் சொன்னா’ என்கிறார்கள். ‘சொன்னாங்க’ என்று வீட்டிலேயே திருத்துங்கள்.

‘முனைவர்’ என்பது பட்டம், ‘பேராசிரியர்’ என்பது பதவி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 நெறிமுறைகளின்படி கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று மூன்று நிலைகள். லெக்சரர், ரீடர் எல்லாம் பழைய பெயர்கள். புதிதாகச் சேர்ந்தவரைப் ‘பேராசிரியர்’ என்று அச்சிட்டால், நெடுங்காலம் பணியாற்றி அந்தப் பதவிக்கு வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது புதியவருக்குத்தான் சங்கடம். நேரில் பேசும்போது பேராசிரியர், ஐயா, அம்மா, சார், மேம் எதுவும் சரியே. அச்சில்தான் கண்டிப்பு வேண்டும். ‘முனைவர் டாக்டர்’ என்று அடுக்கவும் வேண்டாம், இரண்டும் ஒன்றே. கல்லூரியில் பணிபுரிபவரைத் ‘தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்’ என்று சுருக்காமல் கல்லூரியின் பெயரையும் போடுங்கள்.

முனைவராகத்தான் இருப்பார் என்று நீங்களாக நினைத்தும் போடாதீர்கள். முதுகலையும் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் இருந்தாலே உதவிப் பேராசிரியர் ஆகலாம். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவர் இன்னும் முனைவர் பட்ட ஆய்வாளர்தான். ஓய்வு பெற்றவர் ‘மேனாள் இணைப் பேராசிரியர்’. ‘தகைசால் பேராசிரியர்’ என்பது தனியாக வழங்கப்படும் சிறப்பு, ஓய்வு பெற்ற எல்லாருக்கும் உரியதன்று.

வடக்கே வந்தபின் சேர்ந்துகொண்ட பிழை ஒன்றும் உண்டு. படிவங்களில் சர்நேம் (குடும்பப் பெயர்) கேட்பதால் பலர் தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரைப் பின்னால் எழுதிவைத்திருக்கிறார்கள். ‘கவிதா முருகேசன்’ என்பதைப் பார்த்துத் தொகுப்பாளர் ‘டாக்டர் முருகேசன்’ என்று அழைத்தால், அவர் அழைப்பது கவிதாவின் அப்பாவை. அழைப்பிதழில் இப்படி இருக்கட்டும்:

முனைவர் மு. கவிதா
உதவிப் பேராசிரியர், துறையின் பெயர்
கல்லூரியின் பெயர், தில்லிப் பல்கலைக்கழகம்

தொகுப்பாளர் கையிலுள்ள குறிப்பில் ‘முனைவர் கவிதா அவர்கள்’ என்று இருந்தால் போதும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே இந்த வரிகளை மட்டும் உரியவருக்கு வாட்ஸப்பில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். கௌரவ விரிவுரையாளர்களிடமும் எப்படிப் போடலாம் என்று அவர்களையே கேளுங்கள். கல்லூரி இணையதளத்தை மட்டும் நம்ப வேண்டாம், பதவி உயர்வு அதில் ஏற நாளாகலாம். பேனருக்கும் நினைவுப் பரிசுக்கும் அதே வரிகளை நகலெடுத்துக் கொடுங்கள். கடையில் மறுபடி தட்டச்சு செய்யும்போதுதான் ‘இணை’ விழுந்துபோகிறது.

அன்புடன்,
தில்லிக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர்