மருந்துக்கும் கெடு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் மூட்டு நோய் மருத்துவராக இருக்கிறேன். போன மாதம் ஒரு தமிழ் அம்மா வந்தார். முடக்குவாதத்தால் விரல்கள் வீங்கி, வளையலைக் கழற்றக்கூட முடியவில்லை. நான் எழுதிய ஊசிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி (செலவை ஏற்கிறோம் என்று சிகிச்சைக்கு முன்பே தரும் ஒப்புதல்) வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஐந்து முறை ஃபேக்ஸ் அனுப்பினோம்.

2021இல் எங்கள் மாநிலம் நல்ல சட்டம் ஒன்று கொண்டுவந்தது. ஒரு சிகிச்சைக்கு ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு மருத்துவர் கேட்ட அனுமதிகளில் 90 சதவீதம் ஏற்கப்பட்டிருந்தால், அப்புறம் அதற்கு அவர் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் பெரிய நிறுவனங்கள் சொந்தப் பணத்தில் நடத்தும் ஊழியர் காப்பீடு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால், அங்கே இது செல்லாது.

சரி, மத்திய அரசாவது? 2024 ஜனவரியில் வந்த விதிப்படி, மெடிகேர் அட்வான்டேஜ் (முதியோருக்கான அரசுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் திட்டம்) போன்ற திட்டங்கள் 2026 முதல் சாதாரணக் கோரிக்கைக்கு 7 நாளிலும் அவசரத்துக்கு 72 மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும். அதில் மருந்துகளைச் சேர்க்கவில்லை. என் நோயாளிகளுக்கு வேண்டியதே மருந்துதான்! மருந்துக்கும் இந்தக் கெடு வேண்டும் என்று மருத்துவர் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

இங்கே பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களே, அனுமதி மறுத்து வரும் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மேல்முறையீடு செய்ய அதில் வழி இருக்கிறது.

– ஒரு மருத்துவர், டெக்சஸ்