ஆண்டுக்கு ஒருநாள்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லறைத் திருநாள் பற்றி நவம்பர் 3 இதழில் வந்த செய்தியில், ‘ஆண்டுக்கு ஒருநாள் இறந்தவர்களை நினைக்கும் கிறிஸ்தவர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். என் மாமனார் காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்ததும் மனசு விட்டுப்போயிற்று.

கத்தோலிக்கக் கோவிலில் எந்த நாள் பூசையானாலும், பூசையின் முக்கிய செபமான நற்கருணை மன்றாட்டில் இறந்தவர்களுக்காக வேண்டாமல் சாமியார் முடிப்பதில்லை. தாங்கள் அறியாததல்ல. என் கணவர் காலமான பிறகு முப்பதாம் நாள் பூசை, வருஷப் பூசை, அவர் பிறந்தநாள் என்று, அவருக்காகப் பூசை வைக்கும்படி கருத்து எழுதிக் கொடுத்து வருகிறேன். பீடத்திலிருந்து அந்தப் பெயர் ஒலிப்பதைக் கேட்கவே விடியற்காலையில் கோவிலுக்குப் போகிற பெண்கள் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்தவர்களில், பலர். இரவு செபமாலை முடிந்து, ‘நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே’ என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைப்பேன்.

கல்லறைத் திருநாளான நவம்பர் 2, பூசை வைக்க ஆளில்லாத ஆத்துமாக்களுக்கும் சேர்த்து வேண்டுகிற நாள். பிரான்ஸ் நாட்டுக் குளூனி மடத்து அதிபர் ஒடிலோ தம் மடங்களில் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஏற்படுத்தியது. முதல் உலகப்போர் நடந்த 1915இல், குருக்கள் ஒவ்வொருவரும் அன்று மூன்று பூசை வைக்கலாம் என்று பாப்பரசர் 15ஆம் பெனடிக்ட் அனுமதித்தார். இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

இங்கே நகரத்தார் வீடுகளில் முன்னோருக்குப் படைப்பு என்றால் பங்காளிகள் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, “வீட்டுக்காரருக்கு எப்ப பூசை?” என்று தவறாமல் கேட்பார். அவர் எங்களைப் புரிந்துகொண்ட அளவுக்காவது உங்கள் செய்தியாளர் புரிந்துகொண்டிருக்கலாம்.

போன வருஷம் நவம்பர் 1 என்று தேதியே மாறி வந்தது. அது சகல புனிதர் திருநாள். அதற்கு முந்திய வருஷம் பூ விலை ஏறியதைத்தான் எழுதினீர்கள். கல்லறைத் தோட்டத்தில் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதையும், விளக்கில்லாமல் ஐப்பசி மழைச் சேற்றில் வயதானவர்கள் செல்போன் வெளிச்சத்தில் கல்லறை தேடுவதையும் உங்கள் நிருபரிடம் நேரில் சொன்னோம். ஒரு வரிகூட வரவில்லை. அதிகாரிகளுக்குக் கொடுத்த மனுவுக்கும் பதிலில்லை. சரி, அவர்களை விடுங்கள். உங்களிடம் எங்களுக்கு உரிமை உண்டு என்று நினைத்திருந்தோம்.

அடுத்த வருஷமாவது நவம்பர் 2 காலை இதழில், ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில், கல்லறைத் தோட்டத்துப் பூசை நேரத்தையும் கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு நேரத்தையும் சரியாகப் போடுங்கள். பங்கு அலுவலகத்தில் கேட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.