சான்றிதழுக்காக மட்டும் மாநாட்டுக்கு வராதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜனவரி பிறந்தால் மார்ச் வரை நம் கல்லூரிகளில் தேசியக் கருத்தரங்கு, சர்வதேச மாநாடு என்று வரிசையாக நடக்கின்றன. வரும் ஆய்வு மாணவர்களில் பலர் பத்து நிமிடத்தில் பேப்பரை வாசித்துவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் சான்றிதழ் எப்போது தருவார்கள் என்று பதிவு மேசையருகே வந்து நிற்கிறார்கள். உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கட்டணம் கட்டி, ராத்திரி பஸ் ஏறி வந்த பிள்ளைகள், தங்கள் துறையில் வேலை செய்கிற ஒருவரிடம்கூடப் பேசாமல் ஊர் திரும்புகிறார்கள்.

1972 நவம்பரில் ஹவாயில் பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறிய டிஎன்ஏ வளையம்) பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பிளாஸ்மிடைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தத் தெரிந்தவர் ஸ்டான்லி கோஹன். டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் நொதியோடு வேலை செய்தவர் ஹெர்பர்ட் போயர். இரவு சாப்பிடப் போன இடத்தில் பேசித்தான் சேர்ந்து வேலை செய்வதென்று முடிவெடுத்தார்கள். அடுத்த ஆண்டே மரபணுவை வெட்டி ஒட்டிப் பெருக்கும் முறை வெளிவந்தது, 1982இல் அந்த வழியில் தயாரான மனித இன்சுலின் மருந்தாகவே வந்துவிட்டது. 2011இல் புவேர்ட்டோ ரிக்கோவில் நடந்த மாநாட்டில்தான் ஷார்பென்டியே, டவுட்னா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளும் முதன்முதலாகச் சந்தித்தார்கள், பழைய நகரத் தெருக்களில் நடந்தபடியே பேசினார்கள். மரபணுவைத் திருத்த உதவும் கிரிஸ்பர் முறை பற்றிய ஆய்வுக்காக 2020இல் இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

சரி, எல்லோருக்கும் நோபல் வேண்டாம். ஆனால் போவதற்கு முன்னால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, பேச வேண்டிய மூன்று நான்கு பேரைக் குறித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு கட்டுரையாவது படித்துவிட்டுப் போகலாமே. தன் கட்டுரையைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கும் மாணவியிடம், அவள் ஆங்கிலம் தடுமாறினாலும், பெரும்பாலான விஞ்ஞானிகள் நின்று பதில் சொல்வார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியும் என்றால் தமிழிலேயே கேளுங்கள். எந்தப் பரிசோதனை சரியாக வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேளுங்கள். அதெல்லாம் கட்டுரையில் அச்சாவதில்லை, உங்கள் ஆய்வில் ஆறு மாதத்தை மிச்சப்படுத்துவது அதுவாகவே இருக்கலாம்.

மேடையில் பேசாமல், ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு ஒட்டி விளக்கும் போஸ்டர் கொடுத்தால் குறைச்சல் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேடையில் பேசினால் ஒன்றிரண்டு கேள்விதான் வரும், போஸ்டர் பக்கத்தில் நின்றால் ஒரு மணி நேரம் ஒவ்வொருவரிடமும் விளக்கலாம், ஆனால் ஒட்டிவிட்டுக் காணாமல் போகாமல் அங்கேயே நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் கூட வந்த நண்பர்களோடு சேர்ந்தே உட்காராதீர்கள். அப்புறம், ஊர் திரும்பிய அந்த வாரத்திலேயே பேசியவர்களுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள், தள்ளிப்போட்டால் அவர்களும் மறப்பார்கள், நீங்களும் மறப்பீர்கள்.

நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாழ்த்துரை, பொன்னாடை என்று தொடக்க விழா பதினோரு மணியைத் தாண்டினால், கேள்வி நேரத்திலும் தேநீர் இடைவேளையிலும்தான் கை வைக்கிறார்கள். விழாவைச் சுருக்குங்கள், இடைவேளையை விட்டுவிடுங்கள். சான்றிதழை மெயிலில் அனுப்பினால் அந்த வரிசையே இருக்காது. கூட வரும் வழிகாட்டிகளும் தங்களுக்குத் தெரிந்த பேராசிரியர்களிடம் மாணவர்களை அழைத்துப் போய் அறிமுகம் செய்துவையுங்கள். முதல் மாநாட்டுக்கு வரும் பிள்ளை தானாகப் போய்ப் பேசத் தயங்கும்.

– ஓய்வுபெற்ற பேராசிரியை, திருநெல்வேலி