முகூர்த்தத்துக்கு முத்து: அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட்,
ஐப்பசி, ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்யாணத்துக்கு எந்த முத்து நகை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படத்தையும் அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். வாட்சப்பில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். கடிதமாக இருந்தால் சிங்கப்பூர் தேக்காவில் கடை ஏறும்போது பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்கலாம். சிப்புட் என்றால் மலாயில் நத்தை. நம்ம ஊருக்குப் பெயரில் மட்டும்தான் ஓடு, நல்ல முத்து பார்க்க ஈப்போ ஜாலான் லஹாட்டுக்காவது போகவேண்டும். நீ அங்கேயே பார்ப்பது நல்லதுதான். தீபாவளி நெருக்கத்தில் மட்டும் போகாதே. அந்தக் கூட்டத்தில் எவனும் உனக்கு நின்று காட்டமாட்டான்.

முதல் படத்தில் இருக்கிற நீள முத்தாரம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முகூர்த்தத்துக்கு அது வேண்டாம். மாலை மாற்றியதும் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் பூ மூடிவிடும். தாலி கட்டுகிற படத்தில் நெஞ்சுக்குக் கீழே ஒரு நகையும் தெரியாது. 30 அங்குல ஆரம் என்றால் 7 மில்லிமீட்டர் முத்து நூற்றுக்குக் கிட்டப் பிடிக்கும். அத்தனையும் தண்ணீர் தெளித்த ரோஜாவுக்கு அடியில் ஊறிக்கொண்டு கிடக்கும், ஒருத்தர் கண்ணிலும் படாது. அன்றைக்கு எல்லார் கண்ணும் போகிற இடம் காது, கழுத்தடி, நெற்றி. காசை அங்கே போடு. நீள ஆரம் ஆசையாக இருந்தால் இரவு விருந்துக்கு வைத்துக்கொள், அப்போது மாலை இருக்காது.

கழுத்துக்கு ஒற்றைச் சரம் 16 அங்குலம் போதும். ஒரு நூலைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, இரண்டு விரல் நுழைகிற தளர்வு விட்டு அளந்து எனக்கு அனுப்பு. உட்கார்ந்துகொண்டு அளக்க வேண்டும். மணவறையில் நீ உட்கார்ந்து, தலையைக் குனிந்துதான் இருக்கப்போகிறாய். நின்று அளந்த சரம் குனியும்போது முன்னால் தொங்கும். ரவிக்கைக் கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதைத் தைக்கிறவரிடம் முதலில் முடிவு பண்ணு. சரம் விளிம்பின்மேல் ஏறினால் பாதி தோலிலும் பாதி ஜரிகையிலும் கிடந்து உரசும்.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. மூன்று முடிச்சு விழுகிற இடத்தில்தான் உன் சரத்தின் கொக்கியும் இருக்கும். மாப்பிள்ளை முதல் முடிச்சு, பிறகு நாத்தனார் கை, மேலே பூவும் சடையும். அந்த நெருக்கடியில் மீன்கொக்கிப் பூட்டு தாலிக்கயிற்றில் மாட்டி இழுபட்டால் நூல் போய்விடும். அதனால் திருகு வைத்த பூட்டாக வாங்கு. அட்டிகை மாதிரி பின்கயிறு உள்ளதாக இருந்தால் கயிற்றின் மிச்சத்தை மடித்து ரவிக்கைக்குள் ஊக்கால் குத்திவிடச் சொல். வியர்வையில் பட்டுக்கயிறு நழுவும், முடிச்சு ஒன்று கூடுதலாகப் போடு.

இப்போது முத்துக்கு வருகிறேன். கடையில் மூன்று நான்கு பெயர் சொல்வார்கள். நன்னீர் முத்து பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. ஒரே சிப்பியில் ஒரே சமயத்தில் முப்பது நாற்பது கூட விளையும், அதனால்தான் மலிவு. ஆனால் பெரும்பாலானவற்றில் உள்ளே மணி வைப்பதில்லை, முழுக்க முத்துப் படலம்தான். அடி தாங்கும். அக்கோயா என்பது ஜப்பானின் பேர்போன கடல்முத்து. உள்ளே சிப்பி ஓட்டில் செய்த மணி ஒன்று வைத்து, மேலே மெல்லிய படலம் கட்டியிருக்கும். நீரோட்டம், அதாவது பளபளப்பு, கண்ணாடி மாதிரி இருக்கும், அளவு பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர். ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் விளைகிற சவுத் சீ முத்து 10 மில்லிமீட்டருக்கு மேல்கூடப் போகும். மணப்பெண் கழுத்துக்கு அது கனம், விலையும் வேறு. ‘ஹைதராபாத் முத்து’ என்று சொன்னால் சிரித்துக்கொள். கடலே இல்லாத ஊர். தரம் பிரித்து, துளையிட்டு, கோத்து விற்பதில் பேர் வாங்கிய ஊர் அது. இன்றைக்கு அங்கே கோக்கிற முத்தில் பெரும்பங்கு சீனத்து நன்னீர்தான். அது குற்றமில்லை, ஊர் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே, அவ்வளவே. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலம் முடிந்து பல பத்தாண்டு ஆகிறது. அதனால் ‘தூத்துக்குடி முத்து’ என்று புதுச்சரம் காட்டினாலும் அதே சிரிப்புதான்.

என்னைக் கேட்டால் உனக்கு 6½ முதல் 7 மில்லிமீட்டர் நன்னீர் முத்து, நல்ல உருண்டை, நல்ல நீரோட்டம். கல்யாண நாள் முத்தை முரட்டுத்தனமாக நடத்தும், கெட்டியான படலம் அதற்குத் தாங்கும். நிறம் தூய வெள்ளை வேண்டாம். அரக்குச் சிவப்புக் கூரைச்சேலைக்கும் 22 காரட் 916 தங்கத்துக்கும் நடுவில் வெள்ளைவெளேர் என்றிருக்கிற முத்து பல் மாதிரித் தனியாகத் தெரியும். இளமஞ்சள் கலந்த பால் நிறம், அல்லது லேசாக ரோஜா ஓடுவது, நம்ம நிறத்துக்கு உட்காரும்.

பார்க்கிற முறை இது. நகைக்கடை விளக்கு மஞ்சள், எந்த முத்தையும் பால் நிறமாகக் காட்டும். சரத்தைக் கதவுப் பக்கம் எடுத்துப் போய் ஒரு வெள்ளைத் தாளின்மேல் வை. நல்ல முத்தில் சன்னல் சட்டமோ உன் விரலோ ஓரம் கூர்மையாகத் தெரியும். ஓரம் கரைந்து சுண்ணாம்பு பூசினது போல இருந்தால் வைத்துவிடு. அடுத்து, அதே தாளின்மேல் சரத்தை உருட்டு. துளை நடுவில் விழாத முத்து ஆடி ஆடிப் போகும். கழுத்தில் போட்டால் அந்த முத்து மட்டும் கோணலாக நிற்கும். பிறகு துளை வாயைப் பார். போலியாக இருந்தால் அங்கே பூச்சு வழித்தது போல, செதில் செதிலாக இருக்கும். கடல்முத்தாக இருந்தால் உள்மணிக்கும் படலத்துக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். படலம் நகப்பூச்சு அளவுக்கு மெல்லிசாக இருந்தால் சில வருடத்தில் துளையிலிருந்து உரியத் தொடங்கும். கடைசியாக, முன்பல்லில் மெதுவாகத் தேய்த்தால் அசல் நறநறக்கும், போலி வழுக்கும். இது அசலா போலியா என்று மட்டும் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

அளவு, நிறம், நீரோட்டம் மூன்றும் சரம் முழுக்க ஒத்துப்போக வேண்டும். ஒரு முத்து கொஞ்சம் பெரிதாக இருப்பதைவிட ஒரு முத்து மங்கலாக இருப்பதுதான் படத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது படத்தில் இருக்கிற ஜிமிக்கி நல்ல தேர்வு. அடியில் 3 மில்லிமீட்டர் முத்து சுற்றிவர இருக்கிறது. இங்கேதான் எடையில் ஏமாறுவார்கள். அந்த அளவில் நூறு முத்து கிட்டத்தட்ட 4 கிராம் வரும். மொத்த நகையையும் தராசில் வைத்துத் தங்க விலை போட்டால், 4 கிராம் முத்துக்குத் தங்கக் காசு கொடுத்திருப்பாய். திருப்பி விற்கப் போனால் அதே கடை முத்தைக் கழித்துத்தான் எடை போடும். ரசீதில் மொத்த எடை, முத்துக் கல் எடை, சுத்தத் தங்க எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கோயில் நகை மாதிரி உள்ளே அரக்கு வைத்ததாக இருந்தால் அரக்கையும் கழிக்கச் சொல். செய்கூலியையும் தனியாக எழுதச் சொல். 916 முத்திரை தோட்டில் மட்டுமில்லை, தொங்கலிலும் இருக்கிறதா பார்.

அந்த ஜிமிக்கியைத் தனியாகப் போடாதே, மாட்டலோடு போடு. மாட்டல் என்பது அலங்காரம் இல்லை, பாரம் தாங்குகிற கயிறு. காதுத் துளையில் தொங்கவேண்டிய கனத்தைக் கூந்தலுக்கு ஏற்றிவிடுவது அதன் வேலை. நீளம் சரியில்லாவிட்டால் வேலை கெட்டுவிடும். குட்டையாக இருந்தால், பெரியவர்கள் காலில் விழக் குனியும்போது காதை மேலே இழுக்கும். நீளமாக இருந்தால் காதுக்குப் பின்னால் தொய்ந்து தொங்கும், கனம் மறுபடி துளைக்கே வரும். அதனால் சடை பின்னி முடித்த பிறகுதான் அளக்க வேண்டும். தாடையை நெஞ்சில் முட்டும்படி குனி, அந்த நிலையில் மாட்டல் விறைக்காமல் நேராக இருந்தால் அதுதான் அளவு. கடைக்காரர் கடைசியில் இரண்டு மூன்று வளையம் கூடுதலாக வைத்துத் தருவார், கேள். கொக்கியைத் தலைமுடியில் அப்படியே மாட்டினால் ஒரு மணி நேரத்தில் வழுக்கிவிடும். முதலில் இரண்டு கருப்புக் கொண்டை ஊசியைக் குறுக்காகக் குத்தி, அந்தக் குறுக்கில் கொக்கியை மாட்டச் சொல். இது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது.

தோட்டில் ஒற்றை முத்து இருந்தால் அது பாதித் துளையிட்டுக் கம்பியில் பசை வைத்து ஒட்டியது. விரலால் மெல்லத் திருகிப் பார். சுழன்றால் வாங்காதே.

நெற்றிச்சுட்டிக்கும் சடைநாகத்துக்கும் அசல் முத்து வேண்டாம் என்பது என் முடிவு. கூந்தலுக்கு அடிக்கிற ஸ்பிரே முழுக்க முத்தின்மேல்தான் விழும். கவரிங் போதும். மேக்கப் போடுகிற பெண்ணே வாடகைக்குக் கொண்டுவருவாள். ஒன்று மட்டும், கழுத்து முத்தைக் கையில் கொண்டுபோய் அதே நிறத்தில் பார்த்து எடு. அசல் பால் நிறமாகவும் கவரிங் நீலவெள்ளையாகவும் இருந்தால் இரண்டுமே போலியாகத் தெரியும்.

முத்து சந்திரனுக்கு உரியது, ராசி பார்க்காமல் போடக்கூடாது என்று பெரியத்தை சொல்வாள். சரி அத்தை என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்.

சரத்தைக் கடையில் கோத்தபடி அப்படியே போடாதே. கடைச்சரம் காட்டுவதற்காகக் கோத்தது, பல சமயம் முடிச்சே இருக்காது. மார்கழி பிறக்கிறதுக்குள் இங்கே கொண்டுவா, நான் கோத்துத் தருகிறேன். பட்டு நூல் இரட்டை இழை, ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சு. முடிச்சு இருந்தால் முத்தும் முத்தும் உரசாது, அறுந்தாலும் ஒன்றுதான் விழும். முடிச்சு இல்லாத சரம் மண்டபத்தில் அறுந்தால் ஐம்பது முத்தையும் நாற்காலிக்கு அடியில் தேடவேண்டும். பூட்டு ஓரத்தில் நூல் அறுபடாமல் இருக்கச் சுருள் கம்பி கொஞ்சம் நுழைப்பேன். முடிச்சுகள் சேர்ந்து சரத்தை நீட்டும். அதனால் 16 அங்குலம் வேண்டுமென்றால் கடையில் அதற்கு மேல் முத்து வாங்கவேண்டியதில்லை. புது நூல் முதல் சில நாளில் கொஞ்சம் தொய்யும், தையில் போடுகிறதற்கு முன் இரண்டு மூன்று தடவை வீட்டில் போட்டுக் கழற்று. தொய்ந்தால் இழுத்துக் கட்ட எனக்கு நாள் இருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று வரிசை: பவுடர், ஸ்பிரே, சென்ட் எல்லாம் முடிந்து பத்து நிமிடம் கழித்துத்தான் முத்து. கழற்றும்போது முத்துதான் முதலில். முத்து சுண்ணாம்பு வகை, புளிப்பு எதுவானாலும் அரிக்கும், வியர்வையும் சேர்த்து. அட்சதை விழும், அதில் மஞ்சள். ஈரத்தோடு சேர்ந்தால் மஞ்சள் நூலில் ஏறிவிடும், அதை எடுக்கவே முடியாது, மறுபடி கோக்கத்தான் வேண்டும். அதனால் மாலையைக் கழற்றியதும் முதலில் காய்ந்த மெல்லிய துணியால் அரிசியையும் குங்குமத்தையும் தட்டிவிடச் சொல். பிறகுதான் லேசாக ஈரத் துணி, பிறகு மறுபடி காய்ந்த துணி. சரத்தைத் தண்ணீரில் முக்காதே. தங்கத்துக்கு ஊறவைக்கிற பூந்திக்கொட்டை, பல்பொடி, கடையில் அதிர்வு மெஷினில் போட்டுக் கழுவுவது, ஒன்றும் முத்துக்கு ஆகாது.

இரவு நேராகப் படுக்கவைத்துக் காயவிடு, ஆணியில் தொங்கவிட்டால் நூல் நீளும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடினால் வியர்வை ஈரம் உள்ளேயே நின்று நூலில் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்து உன் கேமரா வைக்கிற உலர்பெட்டியிலும் போடாதே, முத்துக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், ரொம்பக் காய்ந்தால் வெடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, தங்க வளையலோடு சேர்க்காமல் தனி டப்பாவில் வை. தங்கம் முத்தைக் கீறும்.

மூன்றாவது படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் முத்துகளெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே உருண்டையாக இருக்கின்றன, விலையோ அவ்வளவு குறைவு. துளை வாயைப் படம் எடுத்து அனுப்பு, சொல்கிறேன்.

வரும்போது வெள்ளைப் பட்டு நூல் இரண்டு அட்டை வாங்கிவா, ஊசி கூடவே வருகிற ரகம். இங்கே கிடைப்பது தடித்துப்போய் இருக்கிறது, சின்ன முத்துத் துளையில் நுழையமாட்டேன் என்கிறது. கழுத்து அளவை இன்றைக்கே அனுப்பு.

அன்புடன்,
அப்பா