ராலி சத்திரமும் உன் டிரங்குப் பெட்டியும்

ரிச்மண்ட், வர்ஜீனியா
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு கதை கட்ட மனமில்லை. முழங்கால் பரவாயில்லை. கமலா இந்த வருஷமும் பின்கட்டில் கத்தரியும் வெண்டையும் போட்டாள். பாதியை மான் தின்றுவிட்டது. துப்பாக்கி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் "சுடட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், தின்றுவிட்டுப் போகட்டும்" என்று சொல்லி அனுப்பினோம்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். சின்னவன் ஏதோ கிரேக்க எழுத்துச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறானாமே, அது என்ன, மதம் கிதம் ஒன்றுமில்லையே என்பது ஒன்று. நம் விடுதித் தமிழ் மன்றத்தைப் பழைய மாணவர்கள் சேர்ந்து மறுபடி தொடங்கப் போகிறோம், சட்டதிட்டங்களைப் பார்த்துத் திருத்தி அனுப்பு என்பது இன்னொன்று. பதினாலு பக்கம் எழுதியிருக்கிறாய்! வாசித்தேன். அதைப் பற்றிக் கடைசியில்.

மதமெல்லாம் இல்லை. இங்கே அதை ஃபிரட்டர்னிட்டி என்பார்கள், மாணவர்களின் சகோதரச் சங்கம். இரண்டு மூன்று கிரேக்க எழுத்துதான் பெயர், ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கிளை. நம் பையன் சேர்ந்தது செத்துப் பிழைக்கிற ஒரு கிளையில். புதுசாகச் சேர்ந்தவர்களைக் குடிக்க வைத்து வதைத்தார்கள் என்று சில வருஷங்களுக்கு முன் அதை மூடிவிட்டார்களாம். நம் ஊர் ராகிங்தான், பெயர் வேறு. தமிழ்நாட்டில் அதற்கு 1997-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. இங்கே பல மாநிலங்களில் தனித்தனிச் சட்டம் இருந்தும், நாடு முழுமைக்குமாக ஒன்று வந்தது 2024 டிசம்பரில்தான்.

ஒரு கிளையை மூடினால் உடனே திறக்க விடமாட்டார்கள். அப்போது உள்ளே இருந்த கடைசிப் பையனும் பட்டம் வாங்கிப் போகும் வரை, நாலு வருஷமோ அதற்கு மேலோ, சும்மா கிடக்க வேண்டும். பழைய வாசனை போகட்டும் என்று. அதன்பின் தலைமையகத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து, கேன்டீனில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி, முப்பது பையன்களைப் பொறுக்குவார்கள். அவர்களுக்கும் சாசனம், அதாவது கிளை நடத்த அனுமதிப் பத்திரம், உடனே கிடையாது. கணக்கு, மதிப்பெண், நடத்தை எல்லாம் பார்த்துத்தான் தருவார்கள். நம்மவன் அந்த முப்பதில் ஒருவன், பொருளாளர் வேறு. வீட்டில் பால் வாங்கிய கணக்கே தெரியாதவன்.

அவன் புலம்புவது படிப்பைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ இல்லை. சனிக்கிழமை தோறும் வந்து "எங்க காலத்துல" என்று தொடங்கும் பழைய உறுப்பினர்களைப் பற்றி. இதை மனதில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

அவன்தான் ஒரு நாள் என்னை வில்லியம்ஸ்பர்க்குக் கூட்டிக்கொண்டு போனான். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். 1693-ல் சாசனம் பெற்ற வில்லியம் அண்ட் மேரி கல்லூரி இருக்கும் ஊர். ஊரின் ஒரு பகுதியை அப்படியே பதினெட்டாம் நூற்றாண்டாக வைத்திருக்கிறார்கள். முக்கோணத் தொப்பிக்காரர்கள் நடமாடுகிறார்கள், குதிரை வண்டி ஓடுகிறது, சாணி நாற்றம்கூட அசல். அந்தத் தெருவில் ராலி டேவர்ன் என்று ஒரு பழைய சத்திரம். 1776 டிசம்பர் 5-ம் தேதி, நாடு சுதந்திரம் என்று அறிவித்து ஐந்து மாதம், போர் நடந்துகொண்டிருக்கிறது, இந்தக் கல்லூரிப் பையன்கள் சிலர் கூடி ஃபை பீட்டா கப்பா என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது இந்தச் சத்திரத்தின் அப்பல்லோ அறையில்தான் என்பது வழிவழியாக வரும் பேச்சு. கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்த முதல் மாணவர் சங்கம் இதுதான். ரகசியக் கைகுலுக்கல், சத்தியப் பிரமாணம், சதுரமாக ஒரு வெள்ளிப் பதக்கம் எல்லாம் உண்டு. இன்றைக்கு நம்மவன் சங்கம் காட்டும் ஜம்பம் எல்லாம் இங்கிருந்து போனதுதான். ஆனால் ஃபை பீட்டா கப்பா இன்று வீடு, விருந்து என்று எதுவும் இல்லாமல், நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் கௌரவச் சங்கமாகிவிட்டது. ரகசியத்தையும் 1831-ல் விட்டுவிட்டார்கள்.

ஏற்கெனவே அந்தக் கல்லூரியில் லத்தீன் எழுத்துப் பெயரோடு இரண்டு சங்கங்கள் இருந்தன. ஒன்றில், பின்னால் ஜனாதிபதி ஆன ஜெபர்சன் உறுப்பினர். இன்னொன்றில் இடம் கிடைக்காத ஜான் ஹீத் என்ற பையன், கிரேக்கத்தில் கெட்டிக்காரன், 'போங்கடா' என்று இதைத் தொடங்கினான் என்று ஒரு கதை. நிஜமோ பொய்யோ, நம் மன்றம் எப்படித் தொடங்கியது என்று உனக்கே தெரியும்.

கூடி என்ன செய்தார்கள்? வாதம் செய்தார்கள். ஆப்பிரிக்க அடிமை முறை நியாயமா என்பதும் ஒரு தலைப்பு. அடிமைகள் உழைத்த தோட்டத்து வருமானத்தில் படித்த வீட்டுப் பிள்ளைகள் பலர் உட்கார்ந்த கூட்டத்தில்! அறைக்கு வெளியே விளக்கு ஏந்தி நின்றவன் என்ன நினைத்திருப்பான் என்றுதான் எனக்கு ஓடியது.

நாலு வருஷத்தில் மொத்தம் ஐம்பது பேர் சேர்ந்தார்கள். பின்னால் தலைமை நீதிபதி ஆன ஜான் மார்ஷல் அதில் ஒருவர். 1781 ஜனவரியில் ஆங்கிலேயப் படை வர்ஜீனியாவுக்குள் புகுந்து ரிச்மண்டைக் கொளுத்தியது. அதே வாரத்தில் சங்கம் கடைசியாகக் கூடி, தன் ஏடுகளை முத்திரையிட்டுக் கல்லூரி ஸ்டூவர்டிடம் ஒப்படைத்தது. யாரிடம் பார்! சாப்பாட்டுக் கணக்குப் பார்ப்பவரிடம். நம் மெஸ் மேனேஜரை நினைத்துக்கொண்டேன். அந்த ஏடு பிழைத்ததால்தான் இத்தனையும் நமக்குத் தெரிகிறது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்றை அவர்கள் முன்பே செய்திருந்தார்கள். ஹார்வர்டில் படித்துவிட்டு அந்தப் பக்கம் வந்திருந்த எலிஷா பார்மலி என்ற வடக்கத்திக்காரரைச் சேர்த்து, யேலிலும் ஹார்வர்டிலும் கிளை தொடங்கிக்கொள்ளுங்கள் என்று 1779 டிசம்பரிலேயே சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யேல் கிளை 1780-ல் வந்தது. தாய்ச் சங்கம் மூடியபோது ஹார்வர்டு கிளை பிறக்கவேயில்லை, அது 1781 செப்டம்பரில்தான். பெற்றவள் கண் மூடி எட்டு மாதம் கழித்துப் பிள்ளை! பார்மலி 1784-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர் மட்டும் பிழைத்தது.

வில்லியம்ஸ்பர்க்கில் எழுபது வருஷம் ஒன்றுமில்லை. 1851-ல் மறுபடி தொடங்கினார்கள். கடைசிக் கூட்டத்தில் தலைவராக இருந்த வில்லியம் ஷார்ட், தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் கண்ணை மூடியிருந்தார். பத்து வருஷத்தில் உள்நாட்டுப் போர், மறுபடி மூடல். கல்லூரியின் பிரதான கட்டடம் 1859-லும் 1862-லும் எரிந்தது. 1881 முதல் 1888 வரை காசில்லாமல் கல்லூரியே மூடிக் கிடந்தது. அந்த ஏழு வருஷமும் பெஞ்சமின் ஈவல் என்ற கிழத் தலைவர், கல்வியாண்டு தொடங்கும் நாளில் ஆளில்லாத கல்லூரிக்குப் போய் மணியடித்துவிட்டு வருவாராம், சாசனம் செத்துப்போகக் கூடாது என்று. இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. பையன் பார்க்காதபடி ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சங்கம் மூன்றாவது முறையாக எழுந்தது 1893-ல்.

இன்னும் முடியவில்லை. 1926-ல் சங்கத்தின் 150-ம் ஆண்டு நினைவாகக் கல்லூரியில் ஒரு மண்டபம் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு எண்ணெய்ப் பணக்காரர் இரண்டாவது ராக்பெல்லர் வந்தார், அவரும் இந்தச் சங்கத்து ஆள்தான். உள்ளூர்ப் பாதிரியார் குட்வின் அவரை ஊரைச் சுற்றிக் காட்டி மனதைக் கரைத்துவிட்டார். அவர் கொட்டிய பணத்தில்தான் ஊரே பழைய கோலத்துக்குத் திரும்பியது. நான் வாயைப் பிளந்து பார்த்த ராலி சத்திரம்கூட 1859-ல் எரிந்து, 1932-ல் புதிதாகக் கட்டியது! அதுவரை அசல் என்றே நினைத்து சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் இருக்கும் பேக்கரியில் இஞ்சி பிஸ்கட் வாங்கித் தின்று தேற்றிக்கொண்டேன். சுக்குக் கருப்பட்டி வாசனை, உனக்குப் பிடிக்கும். அந்த நினைவு மண்டபமும் 1953-ல் தீப்பிடித்தது. மிஞ்சிய கட்டடத்தைச் சரிசெய்து ஈவல் ஹால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மணியடித்த கிழவரின் பெயர்.

சரி, உன் பதினாலு பக்கத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. யார் செயலாளர் ஆகலாம், கூட்டம் எந்தக் கிழமை, வெண்பா எழுதத் தெரிய வேண்டுமா, இதெல்லாம் இப்போது விடுதியில் இருக்கும் பையன்களின் பாடு. பெண்கள் விடுதியையும் சேர்க்கலாமா என்பதற்கு நீ ஒரு பக்கம் தயங்கியிருக்கிறாய். அதையும் அவர்களே முடிவு செய்யட்டும், தயங்க மாட்டார்கள். சனிக்கிழமைகளில் "எங்க காலத்துல" என்று போய் நிற்பது நீயாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பயம். நானும் அங்கே இருந்தால் வருவேன், அதனால்தான் சொல்கிறேன்.

அவர்கள் கேட்காமலே நாம் கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் மன்றத்தின் கையெழுத்துப் பத்திரிகை. மொத்தம் பதினோரு இதழ், கடைசியை நாம் விடுதியைக் காலி செய்த அன்று நீதான் எடுத்துப் போனாய். உன் வீட்டுப் பரணில் பச்சை டிரங்குப் பெட்டியில் இருப்பதாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய். இந்த வாரம் யாரையாவது ஏற்றிப் பார்க்கச் சொல், நீ ஏறாதே. கரையான் பிடித்திருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் காய வை. நாலாவது இதழில் என் கதைக்கு நடுவில் மை கொட்டிய பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

உன்
செல்வம்